வக்கீல் இல்லாமல் வழக்குப் போடலாமா?

கேள்வி: என் அக்கா மகன் டெக்சாஸ் மாநிலச் சிறையில் இருக்கிறான். சர்க்கரை வியாதிக்காரன். எத்தனை கேட்டும் இன்சுலினை நேரத்துக்குத் தருவதில்லையாம். வக்கீல் வைக்க எங்களுக்கு வசதியில்லை. அவனே வழக்குப் போட முடியுமா?
– ஒரு வாசகி, ஹூஸ்டன்

பதில்: முடியும் அம்மா. கையால் எழுதிக் கொடுத்தாலும் நீதிமன்றம் ஏற்கும். அதே டெக்சாஸில் கேம்பிள் என்ற கைதி மீது 1973-ல் பஞ்சுப் பொதி விழுந்து முதுகு போனது. அவர் கைப்பட எழுதிய மனு உச்ச நீதிமன்றம் வரை சென்றது. கைதியின் கடுமையான நோயைத் தெரிந்தே கண்டுகொள்ளாமல் விடுவது அரசமைப்புக்கு விரோதம் என்று 1976-ல் தீர்ப்பானது. ஆனால் டாக்டர்கள் அவரைப் பலமுறை பார்த்திருந்ததால் கேம்பிள் ஜெயிக்கவில்லை. அதனால் 'சிகிச்சை சரியில்லை' என்று மட்டும் எழுதினால் வழக்கு நிற்காது. 'இன்ன தேதி, இன்ன நர்ஸிடம் கேட்டேன், தரவில்லை, மயங்கி விழுந்தேன்' என்று எழுத வேண்டும். சிறையின் மீது போடாமல், மறுத்த ஆட்களின் மீது போட வேண்டும்.

சட்ட உதவி மையத்தில் தொண்டராக இருந்து இப்படிப்பட்ட மனுக்களை நிறையப் படித்திருக்கிறேன். பலதும் கவிழ்வது இதற்கும் முந்தைய படியில்தான். 1996-ல் வந்த சட்டப்படி, முதலில் சிறைக்குள்ளேயே புகார் கொடுத்து முடிக்க வேண்டும். டெக்சாஸில் சம்பவம் நடந்து 15 நாளுக்குள் முதல் புகார். அதன் பதில் திருப்தியில்லை என்றால் இன்னொரு 15 நாளுக்குள் இரண்டாவது. கெடு தவறினால் பெரும்பாலும் வழக்கே போய்விடும். உயிர் சம்பந்தப்பட்ட விஷயத்துக்கு இப்படிக் கெடு வைப்பது அநியாயம் என்றே நினைக்கிறேன். ஆனாலும் அதற்குள் கொடுத்துத்தான் ஆக வேண்டும். ஒவ்வொரு புகாரையும் அவன் இன்னொரு தாளில் அப்படியே எழுதி வைத்துக்கொள்ளட்டும். வார்டனுக்கு நீங்களும் எழுதுங்கள். ஆனால் உங்கள் கடிதம் அவனுடைய புகாருக்கு ஈடாகாது.

நீதிமன்றத்தில் வழக்குப் போடும் கட்டணம் 350 டாலர். ஏழை என்றாலும் தள்ளுபடி கிடையாது, தவணைதான். நீங்கள் அவன் கணக்கில் போடும் பணத்திலும் ஐந்தில் ஒரு பங்கு இதற்குப் போகும்.

அடுத்து அவன் போன் செய்யும்போது, கடைசியாக இன்சுலின் மறுத்தது எந்தத் தேதி என்று முதலில் கேளுங்கள். 15 நாளை அங்கிருந்து எண்ணுங்கள்.