நானோ பொருட்கள் எனப்படும் மிக மிக நுண்ணிய பொருட்களின் ஆபத்தை அரசுகள் உண்மையிலேயே திட்டமிட்டு ஆராய்கின்றனவா?

அமெரிக்காவை வைத்துச் சொல்கிறேன். அங்கே இதற்கான வரவு செலவும், அதன் மீதான விமர்சனமும் பொதுவில் கிடைக்கின்றன. ஆராய்ச்சி நடந்தது. திட்டமிட்டு நடந்ததா என்றால், முதல் பல ஆண்டுகளுக்கு இல்லை என்பேன்.

நானோ ஆராய்ச்சி செய்யும் பல துறைகளை அங்கே என்.என்.ஐ. என்ற தேசிய முன்னெடுப்பு ஒருங்கிணைக்கிறது. 2006 நிதியாண்டில் மொத்தச் செலவு சுமார் 130 கோடி டாலர். உடல்நலம், சுற்றுச்சூழல் ஆபத்துகளை ஆராய என்று காட்டியது 3.77 கோடி, அதாவது நூற்றுக்கு மூன்றுகூட இல்லை. அதுவும் முழுசாகத் தேறவில்லை. அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸின் தணிக்கை அமைப்பு ஜி.ஏ.ஓ. 2008-ல் பட்டியலைப் பிரித்துப் பார்த்தது. 119 ஆய்வுகளில் 22-க்கு ஆபத்தை ஆராய்வது முதன்மை நோக்கமே இல்லை!

அதே ஆண்டு என்.என்.ஐ. இந்த ஆபத்துகளை ஆராய ஓர் ஆராய்ச்சி உத்தியை வெளியிட்டது. அதைப் பரிசீலித்த தேசிய ஆராய்ச்சிக் குழு (அரசுக்கு ஆலோசனை சொல்லும் அறிவியல் அமைப்பு) தயவு தாட்சண்யம் பார்க்கவில்லை. ஒரு கேள்வியை ஒட்டி ஏதோ ஓர் ஆய்வுக்குப் பணம் போனாலே அந்தக் கேள்வி கவனிக்கப்படுவதாக உத்தியை எழுதியவர்கள் எடுத்துக்கொண்டிருந்தார்கள். நானோ துகளை மருந்தாகப் பயன்படுத்தும் ஆய்வுகளும் அந்தக் கணக்கில் இருந்தன. ஒப்புக்குச் சப்பாணி என்பார்களே, அப்படி.

இது வெறும் கணக்குப் பிரச்சினை இல்லை. 2008-ல் எடின்பரோ விஞ்ஞானிகள் குழு, கார்பன் நானோ குழாய்களை எலிகளின் வயிற்றறையில் செலுத்திப் பார்த்தது. நீளமான குழாய்கள், நீளமான ஆஸ்பெஸ்டாஸ் இழைபோலவே அழற்சியை உண்டாக்கின. குட்டையாகச் சுருண்டு கிடந்தவை அப்படிச் செய்யவில்லை. அன்னியப் பொருளை விழுங்கி அகற்றும் செல்லால் நீள இழையை முழுதாக விழுங்க முடிவதில்லை. ஆக, 'கார்பன் குழாய் பற்றி இத்தனை ஆய்வுகள்' என்று எண்ணிக் காட்டி என்ன பயன்? எந்த நீளம், எந்த வடிவம், உடலுக்குள் எந்த வழியாகப் போகிறது என்று கேட்டு அதற்கேற்பப் பணத்தைப் பிரிப்பதுதான் திட்டம். தொழிற்கூடக் காற்றில் இந்தக் குழாய்கள் கன மீட்டருக்கு 1 மைக்ரோகிராம் என்ற வரம்பை, தொழிலாளர் உடல்நலத்தை ஆராயும் அமெரிக்க அரசு நிறுவனமான நியோஷ் பரிந்துரைக்க 2013 ஆகிவிட்டது. அதுவும் பரிந்துரைதான், சட்டம் அல்ல.

2011-ல் வந்த புதிய உத்தி முந்தையதைவிட எவ்வளவோ மேல். ஆனால் நானோவை வளர்க்கும் அதே அமைப்புதான் அதன் ஆபத்தை ஆராய்வதையும் ஒருங்கிணைக்கிறது. துறைகளின் பணத்தைத் திருப்பிவிடும் அதிகாரமும் அதற்கு இல்லை. இந்த இரண்டு பொறுப்புகளையும் நிர்வாகத்திலும் நிதியிலும் தனித்தனியாகப் பிரியுங்கள் என்று 2012-லும் அதே தேசிய ஆராய்ச்சிக் குழு சொல்ல வேண்டியிருந்தது.