கொழுப்பு ஈரல் மாநாடுகளால் திருகோணமலையில் இருக்கிற ஒரு நோயாளிக்கு என்ன கிடைக்கிறது?

உங்கள் கேள்வியை இரண்டு தரம் வாசித்தேன். அம்மாவுக்கு 52 வயது, எட்டு வருடமாகச் சீனி வருத்தம், ஸ்கேனில் கொழுப்பு ஈரல் ‘கிரேட் 1’ என்று எழுதியிருக்கிறது, கிளினிக்கில் “எண்ணெயைக் குறையுங்கோ” என்று மட்டும் சொல்லி அனுப்பிவிட்டார்கள். டொக்டர்மார் உலகம் முழுக்க இதற்காக மாநாடு நடத்துகிறார்கள், அங்கே கதைப்பதில் எது எங்கள் ஊர் வரை வருகிறது என்று கேட்டிருக்கிறீர்கள். நான் திருகோணமலை மாவட்டத்தில் மருத்துவக் கிளினிக்கில் வேலை செய்கிற தாதி உத்தியோகத்தர். என் அனுபவத்தில், மாநாடுகளில் உண்மையிலேயே பயனுள்ள ஒரு விஷயம் முடிவாகியிருக்கிறது, அதற்குப் பெரிய காசும் தேவையில்லை, ஆனால் அது நோயாளியின் கிளினிக் கொப்பி வரை இன்னும் சரியாக வந்து சேரவில்லை.

இதை நான் என் பெரியப்பாவை வைத்துத்தான் சொல்ல முடியும். நிலாவெளிப் பக்கம் சின்னக் கடை வைத்திருந்தவர், குடியும் இல்லை, சிகரெட்டும் இல்லை, சீனி வருத்தத்துக்கு மட்டும் குளிசை போட்டவர். 2012 இல் வேறு ஏதோ வயிற்று நோவுக்கு ஸ்கேன் எடுத்தபோது கொழுப்பு ஈரல் என்று வந்தது. பார்த்தவர், “ஐயா, இது இப்ப எல்லாருக்கும் இருக்கிறதுதான், பயப்படாதீங்கோ” என்றார். பெரியப்பாவும் பயப்படவில்லை, நாங்களும் பயப்படவில்லை. 2016 இல் ஹேர்னியா ஒப்பரேஷனுக்கு முன் இரத்தம் எடுத்தார்கள், எல்லாம் சரி என்று ஒப்பரேஷன் நடந்தது. 2019 இல் ஒரு இரவு சாப்பிட்டு முடிந்து கை கழுவப் போனவர் இரத்தமாக வாந்தி எடுத்தார். ஈரல் சிரோசிஸ், அதாவது தழும்பு தழும்பாகி இறுகிப்போன நிலை, உணவுக்குழாயில் இரத்த நாளங்கள் புடைத்திருந்தன. குழாய் விட்டு அந்த நாளங்களைக் கட்டுகிற பாண்ட் போட்டார்கள், வான் பிடித்து இரண்டு தரம் கொழும்புக்குக் கூட்டிப் போனோம். 2020 தைப்பொங்கலுக்கு நாலு நாள் இருக்கும்போது போய்விட்டார்.

2023 இல் நான் ஒரு நாள் கருத்தரங்கு ஒன்றுக்குப் போனேன். அந்த வருடம் ஜூனில்தான் வியன்னாவில் நடந்த ஐரோப்பிய ஈரல் மாநாட்டில் இந்த நோயின் பெயரையே மாற்றியிருந்தார்கள், அதனால் காலமை முழுக்கப் பெயரைப் பற்றிய கதை. மத்தியானத்துக்குப் பிறகு ஒரு டொக்டர் ஒரு சின்னக் கணக்கைத் திரையில் போட்டார். ஏஎஸ்டி, ஏஎல்டி இரண்டும் இரத்தத்தில் அளக்கிற ஈரல் நொதிகள். வயதை ஏஎஸ்டி அளவால் பெருக்கு. பிளேட்லெட் எண்ணிக்கையை, ஆயிரங்களில், ஏஎல்டி அளவின் வர்க்கமூலத்தால் பெருக்கு. முதலாவதை இரண்டாவதால் வகு. இதற்குப் பெயர் ஃபிப்-4. 1.3 க்குக் கீழே என்றால் ஈரலில் பெரிய தழும்பு இருக்க வாய்ப்பு மிகக் குறைவு. 2.67 க்கு மேலே என்றால் ஈரல் நிபுணர் பார்க்க வேண்டும். இடையில் என்றால் ஈரலின் இறுக்கத்தை அளக்கிற ஃபைப்ரோஸ்கான் போன்ற அடுத்த பரிசோதனை.

பெரியப்பாவின் பழைய ரிப்போர்ட்டுகளைப் படம் எடுத்து ஃபோனில் வைத்திருந்தேன், ஏனென்று தெரியாது, அழிக்க மனம் வரவில்லை. 2016 ரிப்போர்ட்டைத் திறந்தேன். வயது 58, ஏஎஸ்டி 44, ஏஎல்டி 36, பிளேட்லெட் 138,000. ஐம்பத்தெட்டை நாற்பத்துநான்கால் பெருக்க 2552. நூற்றுமுப்பத்தெட்டை ஆறால் பெருக்க 828. வகுத்தால் 3.08. மண்டபத்தின் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தேன், பிறகு அவர்கள் என்ன கதைத்தார்கள் என்று எனக்கு நினைவில்லை. அந்த ரிப்போர்ட்டில் ஏஎல்டி கிட்டத்தட்ட சாதாரண அளவு, பிளேட்லெட் கொஞ்சம் குறைவு, ஏஎஸ்டி கொஞ்சம் கூட. தனித்தனியாகப் பார்த்தால் யாரும் நிமிர்ந்து பார்க்காத இலக்கங்கள், சேர்த்துப் பார்த்தால் மூன்று வருடத்துக்கு முன்னமே அவர் வருத்தத்தைச் சொல்லியிருக்கின்றன. இந்தக் கணக்கு 2006 இல் வந்தது, முதலில் எச்.ஐ.வி.யும் ஹெபடைட்டிஸ் சியும் சேர்ந்து இருந்தவர்களுக்காக. பெரியப்பாவின் இரத்தம் எடுத்தபோது அதற்குப் பத்து வயது.

ஆகவே மாநாட்டால் என்ன பயன் என்று கேட்டால் நான் இதைத்தான் சொல்வேன். 2024 இல் மிலானில் நடந்த ஐரோப்பிய ஈரல் மாநாட்டோடு ஒட்டி, ஈரல், நீரிழிவு, உடற்பருமன் ஆகிய மூன்று துறைச் சங்கங்களும் சேர்ந்து ஒரு வழிகாட்டி வெளியிட்டன. சீனி வருத்தம் உள்ளவர்கள், பருமனோடு பிரஷர், கொலஸ்ட்ரோல் போன்றவையும் சேர்ந்து உள்ளவர்கள், ஈரல் நொதிகள் தொடர்ந்து கூடியிருப்பவர்கள் எல்லாரிடமும் ஈரலில் தழும்பு இருக்கிறதா என்று தேட வேண்டும், அதற்கு முதல் படி வயது, ஏஎஸ்டி, ஏஎல்டி, பிளேட்லெட் என்ற நாலு இலக்கங்களை வைத்துப் போடுகிற இந்தக் கணக்கு என்பது அதன் சாரம். “எல்லாருக்கும் இருக்கிறதுதான்” என்று அன்று சொன்னவர் ஒரு வகையில் பொய் சொல்லவில்லை. கொழும்புக்குப் பக்கத்தில் இருக்கிற ராகமவில் 2007 இல் 35 முதல் 64 வயது வரையானவர்களை ஸ்கேன் செய்து பார்த்ததில் 32.6 சதவீதத்தினருக்குக் கொழுப்பு ஈரல் இருந்தது, உலகக் கணக்கும் பத்துப் பேரில் மூன்று பேர் என்ற அளவில்தான் நிற்கிறது. இத்தனை பேருக்கும் நிபுணரைத் தேட முடியாது. தம்பலகாமத்தில் நெல்லைச் சுளகில் புடைப்பது போல, இத்தனை பேரிலிருந்து ஆபத்தில் இருக்கிற சிலரைப் பிரித்தெடுக்க வேண்டும். ஸ்கேனில் வருகிற ‘கிரேட் 1’, ‘கிரேட் 2’ அதைச் செய்யாது. அது ஈரலில் கொழுப்பு எவ்வளவு என்று சொல்கிறது, தழும்பு எவ்வளவு என்று சொல்வதில்லை. பெரியப்பாவின் ஸ்கேனிலும் கிரேட் 1 தான்.

இனி, இது ஏன் எங்கள் கிளினிக்குகளுக்கு வந்து சேர்வதில்லை என்று பார்த்தால் காரணங்கள் மிகச் சின்னவை. பிளேட்லெட் எங்கள் சனத்துக்குப் புதிதில்லை, 2017 டெங்குக் காலத்தில் கிண்ணியாவில் வீட்டுக்கு வீடு பிளேட்லெட் கணக்குத்தான் பேச்சாக இருந்தது. ஏஎல்டியும் பல இடங்களில் எடுக்கிறார்கள், ரிப்போர்ட்டில் சில வேளை எஸ்.ஜி.பி.டி. என்று இருக்கும். விடுபடுவது ஏஎஸ்டி, அதாவது எஸ்.ஜி.ஓ.டி. ஒன்று போதும் என்று மற்றதை எழுதாமல் விட்டுவிடுவார்கள். அது இல்லாமல் கணக்குப் போட முடியாது. நான் இருந்த கருத்தரங்கில் ஆய்வுகூடத்திலிருந்து ஒருவரும் இல்லை, குடும்ப நல உத்தியோகத்தர் ஒருவரும் இல்லை, தாதிமார் நாங்கள் மூன்று பேர். சிலைடுகள் முழுக்க ஆங்கிலம். சொல்லப்பட்ட விஷயங்கள் நல்லவை, சொன்னவர்களும் மனதாரச் சொன்னார்கள், ஆனால் மறுநாள் காலையில் இரத்தக் குழாயில் பெயர் ஒட்டப்போகிறவரும் வீடு வீடாகப் போகிறவரும் அந்த மண்டபத்தில் இல்லையே. ஒரே ஒரு பக்கத்தில், தமிழிலும் சிங்களத்திலும், நாலு இலக்கமும் எல்லைகளும் எழுதி ஒவ்வொரு கிளினிக் மேசையிலும் ஒட்டியிருந்தால் அந்த நாளின் செலவு முழுக்க நியாயமாகியிருக்கும் என்று நான் இன்றைக்கும் நினைக்கிறேன்.

பெயர் மாற்றம் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதை வீண் வேலை என்று பலர் சொல்கிறார்கள், எனக்கு அப்படித் தோன்றவில்லை. 1980 இல் அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் லுட்விக் என்ற நோயியல் மருத்துவர், குடிக்காதவர்களிடமும் குடிகாரர்களின் ஈரலைப் போன்ற மாற்றங்களைப் பார்த்து ‘நொன் அல்கஹோலிக்’, அதாவது குடியால் வராதது, என்ற பெயரைக் கொடுத்தார். நாற்பது வருடத்துக்கும் மேல் அந்தப் பெயர்தான். கிண்ணியாவிலிருந்து வருகிற ஒரு உம்மா ஒரு நாள் என் கையைப் பிடித்துக்கொண்டு, “பிள்ளை, நான் அந்தப் பக்கமே போகாதவள், கொப்பியில அல்கஹோல் என்று எழுதியிருக்காம், மகன்ட பெண்சாதி வாசிச்சிட்டுக் கேட்கிறா” என்று அழுதார். பக்கத்தில் ‘நொன்’ இருக்கிறது என்று விளக்கினேன், அது அவர் காதில் ஏறவேயில்லை. வியன்னாவில் அந்தச் சொல்லை எடுத்துவிட்டு, உடலின் வளர்சிதை மாற்றக் கோளாறோடு தொடர்புடைய நோய் என்று மாற்றியது அந்த உம்மாவைப் போன்றவர்களுக்குச் செய்த மரியாதை. ஆங்கிலத்தில் கொழுப்பைக் குறிக்கிற சொல்லும் அவமானமாக இருக்கிறது என்று அதையும் மாற்றினார்கள். தமிழில் அந்த வேலை இன்னும் நடக்கவில்லை. எங்கள் பேச்சில் “உனக்குக் கொழுப்பு” என்றால் என்ன அர்த்தம் என்று எல்லாருக்கும் தெரியும். அதையே ஒரு மனிசரின் ஈரலுக்குப் பெயராக வைத்தால், பாதிப் பேர் வெட்கப்பட்டு வீட்டில் சொல்வதில்லை, மீதிப் பேர் எண்ணெயை நிறுத்திவிட்டு எல்லாம் செய்துவிட்டோம் என்று நினைக்கிறார்கள். நான் இப்போது ‘ஈரல் வீக்கம், சீனி வருத்தத்தோடு வருவது’ என்று சொல்லிப் பார்க்கிறேன். இது சரியான மொழிபெயர்ப்பு இல்லை, ஆனால் கேட்பவர் எதைப் பற்றி யோசிக்க வேண்டுமோ அதைப் பற்றி யோசிக்கிறார்.

மருந்து பற்றிச் சுருக்கமாக. 2024 மார்ச்சில் ரெஸ்மெட்டிரோம் என்ற குளிசைக்கும், 2025 ஆகஸ்டில் செமாகுளுடைட் ஊசிக்கும் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. இரண்டும் ஈரல் அழற்சியோடு நடுத்தரமான அல்லது கடுமையான தழும்பு உள்ளவர்களுக்கு, சிரோசிஸ் வந்தவர்களுக்கு அல்ல. நல்ல செய்திதான், ஆனால் எங்கள் கிளினிக்கில் மாதாமாதம் கொடுக்கிற மருந்துப் பையில் இவை இல்லை, அதற்காகக் காத்திருக்கவும் வேண்டாம்.

காத்திருக்கத் தேவையில்லாதது எடை குறைப்பு. கியூபாவில் 293 பேரை 52 வாரம் உணவாலும் நடையாலும் மட்டும் பார்த்த ஆய்வு ஒன்று 2015 இல் வந்தது. உடல் எடையில் 10 சதவீதமோ அதற்கு மேலோ குறைத்தவர்களில் 90 சதவீதத்தினருக்கு ஈரல் அழற்சி தணிந்தது, 45 சதவீதத்தினருக்குத் தழும்பே குறைந்தது. ஆனால் அவ்வளவு குறைக்க முடிந்தவர்கள் பத்தில் ஒருவர்தான். இந்த இரண்டாவது வரியையும் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் குறைக்க முடியாதவர் தன்னையே நோவார். 5 சதவீதம் குறைந்தாலே ஈரலில் கொழுப்பு இறங்கத் தொடங்கும். அம்மா 70 கிலோ என்றால் அது மூன்றரைக் கிலோ.

எண்ணெயைப் பற்றி மட்டும் கதைப்பதில் எனக்குக் கோபம் வருவது இதனால்தான். எங்கள் ஊர்ச் சாப்பாட்டைப் பாருங்கள், காலையில் பாண், மத்தியானம் குவியலாகச் சோறு, இரவு இடியப்பம் அல்லது புட்டு, நடுவில் நாலு பிளேன்டீ, ஒவ்வொன்றிலும் இரண்டு கரண்டி சீனி. வீட்டுக்கு ஆள் வந்தால் நெக்டோ என்ற இனிப்புச் சோடா. ஈரல் கொழுப்பாக்கிச் சேர்த்து வைப்பதில் பெரும்பங்கு இந்த மாச்சத்தும் சீனியும்தான். மாநாட்டில் மத்தியதரைக் கடல் உணவு என்று ஒலிவ் எண்ணெய்ப் படம் காட்டினார்கள். எங்களுக்கு ஒலிவ் எதற்கு, விடியக் காலை கடற்கரையில் கீரியும் சாளையும் வந்து இறங்குகிறதே. அதைக் குழம்பாக வைத்து, கீரை, பயற்றங்காய், வாழைப்பூ என்று தட்டில் பாதியை மரக்கறிக்கு விட்டு, சோற்றைக் கால் தட்டாக்கினால் அதே வேலை நடக்கும். தேத்தண்ணியில் சீனியைக் குறைப்பதை முதல் மாதமே செய்யலாம். சீனி போடாத கோப்பி நல்லது, கோப்பி குடிப்பவர்களில் ஈரல் தழும்பு குறைவாக இருப்பதைப் பல ஆய்வுகள் கண்டிருக்கின்றன.

இன்னொன்று, கீழ்க்காய்நெல்லி குடித்தால் போதும் என்று யாராவது சொல்வார்கள். அம்மா குடிப்பதாக இருந்தால் கிளினிக்கில் மறைக்காமல் சொல்லச் சொல்லுங்கள், மருந்தை மட்டும் நிறுத்த வேண்டாம்.

சரி, அம்மாவுக்கு இப்போது செய்ய வேண்டியது. அடுத்த கிளினிக் திகதிக்கு முன் இரத்தம் எடுக்கும்போது ஏஎஸ்டி, ஏஎல்டி, முழு இரத்தக் கணக்கு (பிளேட்லெட் இதில்தான் வரும்) மூன்றும் ஒரே நாளில் எடுக்கக் கேளுங்கள். காய்ச்சலோடு எடுக்க வேண்டாம், குறிப்பாக டெங்குக் காலத்தில், இலக்கங்கள் பிழையாகக் காட்டும். கணக்கை நீங்களே போட்டுக் கொண்டுபோங்கள். 1.3 க்குக் கீழே என்றால் பயப்படாமல் எடையையும் சீனியையும் பார்த்துக்கொண்டு ஒன்றிரண்டு வருடத்தில் திரும்பப் போடலாம். மேலே என்றால் “டொக்டர், ஃபிப்-4 இவ்வளவு வருது, ஃபைப்ரோஸ்கானுக்கு எழுதுவீங்களா” என்று நேராகக் கேளுங்கள், எந்த நல்ல டொக்டரும் அதைப் பிழையாக எடுக்க மாட்டார். 2.67 ஐயும் தாண்டினால் ஈரல் நிபுணரிடம் அனுப்பக் கேளுங்கள். வீட்டில் 65 வயதைத் தாண்டியவர் இருந்தால் அவருக்கு 1.3 க்குப் பதில் 2 என்று வையுங்கள், 35 வயதுக்குக் கீழே இந்தக் கணக்குச் சரிவராது. அப்புறம், இதயத்தை மறக்க வேண்டாம், இந்த நோய் உள்ளவர்கள் ஈரலால் இறப்பதை விட இதய நோயால் இறப்பதுதான் கூட, ஆகவே பிரஷர், கொலஸ்ட்ரோல் குளிசைகளை ஒழுங்காகப் போட வேண்டும்.

நான் அந்தக் கருத்தரங்குக்குப் பிறகு சீனி வருத்தக்காரரின் கொப்பியில் மேல் மூலையில் இந்த இலக்கத்தைப் பென்சிலால் எழுதத் தொடங்கினேன், கேட்காமல் செய்கிறோமே என்ற பயத்தில்தான் பென்சில். சில மாதம் கழித்து எங்கள் டொக்டர் ஒரு கொப்பியைத் தூக்கிக் காட்டி, இது என்ன என்று கேட்டார். சொன்னேன். “அப்ப பேனையால எழுதுங்கோ, எனக்குக் கண் தெரியுதில்லை” என்றார். இப்போது எல்லாக் கொப்பியிலும் நீல மையில் இருக்கிறது.