வெனிஸில் குடும்பத்தோடு குறைந்த செலவில் தங்க என்ன வழி? மெஸ்த்ரேயில் தங்கினால் போதுமா?

நீங்கள் சொல்லியிருக்கும் விவரம்: கணவன் மனைவி, 8 வயதிலும் 12 வயதிலும் இரண்டு பிள்ளைகள், மே மாதப் பள்ளி விடுமுறை, நான்கு இரவு. வெனிஸ் தீவுக்குள் வாடகையைப் பார்த்தாலே பயமாக இருக்கிறது, எல்லோரும் எதிரே நிலப்பகுதியில் இருக்கும் மெஸ்த்ரேயில் தங்கச் சொல்கிறார்கள், சரிதானா என்று கேட்டிருக்கிறீர்கள். பாதி சரி. நான் பக்கத்து ஊரான பதுவாவில் படிப்புக்காகச் சில வருடம் இருந்தவன். ஊரிலிருந்து யார் வந்தாலும் அறை பார்த்துக் கொடுக்கிற வேலை என் தலையில்தான் விழும், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதல் விஷயம், வெனிஸில் அறை வாடகையை மட்டும் வைத்துக் கணக்குப் போடக் கூடாது. அங்கே ஆட்டோ, டாக்ஸி, பஸ் எதுவும் தீவுக்குள் ஓடாது. நடக்க வேண்டும், இல்லையென்றால் வாப்பொரெட்டோ என்கிற படகு பஸ். அதில் ஒரு முறை ஏற 9.50 யூரோ, 75 நிமிடம் செல்லும். ஆறு வயது ஆகிவிட்டால் பிள்ளைக்கும் முழு டிக்கெட். உங்கள் நால்வருக்கும் ஒரு தடவை ஏறி இறங்க 38 யூரோ, போய் வந்தால் 76. இதை ஒரு இரவு வாடகையோடு கூட்டிப் பாருங்கள். படகில்தான் போக முடிகிற ஜூதெக்கா தீவிலோ லீதோ தீவிலோ இரவுக்கு 50 யூரோ குறைவாக அறை கிடைத்தது என்று சந்தோஷப்பட்டால், அந்தப் பணம் முழுக்கப் படகில் போய்விடும். ஒரு நாள் பாஸ் 25 யூரோ இருக்கிறது, முரானோ, புரானோ தீவுகளுக்குப் போகிற அன்றைக்கு மட்டும் அதை வாங்குங்கள். மற்ற நாள் நடந்தே முடியும், சாந்தா லூச்சியா ரயில் நிலையத்திலிருந்து சான் மார்க்கோ சதுக்கத்துக்குப் பிள்ளைகளோடு மெதுவாக நடந்தாலும் முக்கால் மணி நேரம்தான்.

ஆக, தீவுக்குள் தங்குவதானால் ரயில் நிலையத்திலிருந்து நடக்கும் தூரத்தில் தங்குங்கள். பெட்டியோடு நடக்கும் தூரம் என்பதைக் கவனியுங்கள், அதுதான் முக்கியம். வெனிஸில் 400-க்கும் மேல் பாலங்கள், கிட்டத்தட்ட எல்லாமே படிக்கட்டு வைத்தவை. வரைபடத்தில் 600 மீட்டர் என்று காட்டும் இடத்துக்கு நடுவில் நான்கு பாலம் இருந்தால், 23 கிலோ பெட்டியை நான்கு முறை தூக்கி ஏற்றி நான்கு முறை இறக்க வேண்டும், அதுவும் கூட்டத்துக்கு நடுவே. நான் சொந்தக்காரர்களுக்கு அறை பார்க்கும்போது வரைபடத்தைப் பெரிதாக்கி வழியில் எத்தனை பாலம் என்று எண்ணிவிட்டுத்தான் மேற்கொண்டு பேசுவேன். ஸ்டேஷனை விட்டு வெளியே வந்து இடப்பக்கம் லிஸ்தா தி ஸ்பாஞ்ஞா என்ற தெருவில் நேராகப் போனால் சான் ஜெரெமியா சதுக்கம். அதைத் தாண்டி, கூலியே பாலத்தில் ஏறாமல் இடப்பக்கம் கால்வாய் ஓரமாகத் திரும்பினால் சவோர்ஞ்ஞான் கரை, அப்படியே சான் ஜோபே வரைக்கும் போகலாம். இந்த வழி முழுக்க ஒரு பாலம்கூட ஏற வேண்டாம். வயதானவர்களோ சின்னப் பிள்ளைகளோ இருந்தால் நான் முதலில் தேடுவது இந்தப் பகுதியைத்தான். லிஸ்தா தி ஸ்பாஞ்ஞாவிலேயே ஓட்டல்கள் வரிசையாக இருக்கின்றன, ஆனால் கூட்டமும் சத்தமும் அதிகம். கூலியே பாலத்தைத் தாண்டினால் 1516-இல் ஏற்பட்ட பழைய யூதர் குடியிருப்பு, அதற்கப்பால் மிசெரிகோர்தியா கரை. அங்கே இன்னும் உள்ளூர் ஜனங்கள் வசிக்கிறார்கள், சாப்பாடும் சான் மார்க்கோ பக்கத்தை விட மலிவு.

அப்புறம் முகவரி. வெனிஸில் வீட்டு எண் தெரு வாரியாக இல்லை, பகுதி வாரியாக ஓடுகிறது. "கன்னரேஜோ" (ரயில் நிலையம் இருக்கும் பகுதியின் பெயர்) என்று எழுதி நான்கு இலக்க எண் ஒன்று போட்டிருப்பார்கள், அதை வைத்து வீட்டைக் கண்டுபிடிக்கவே முடியாது. தெருப் பெயர் என்ன, கிட்டத்தில் உள்ள படகுத்துறை எது, எந்த மாடி, லிஃப்ட் உண்டா, இந்த நான்கையும் பதிவு செய்வதற்கு முன்பே கேட்டு எழுத்தில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். தரைத்தள அறை விலை குறைவாக வரும், அதில் ஈரவாடை இருக்கிறதா என்று மற்றவர்கள் எழுதிய விமர்சனங்களைப் படித்துவிட்டு எடுங்கள்.

நிறையப் பேருக்குத் தெரியாத வழி ஒன்று இருக்கிறது. கன்னியர் மடங்களும் திருச்சபைகளும் நடத்தும் விருந்தினர் இல்லங்கள். காஸ்தெல்லோ பகுதியில் வால்தேன்சியன் என்ற புராட்டஸ்டன்ட் சபையின் ஃபோரஸ்தெரியா வால்தேசே, கன்னரேஜோவில் காசா கார்தினால் பியாத்சா, இப்படிச் சில உண்டு. எந்த மதத்தவரும் தங்கலாம். ஆடம்பரம் எதுவும் கிடையாது, கட்டில், வெள்ளை விரிப்பு, காலையில் காபியும் ரொட்டியும், அவ்வளவுதான். மடங்களில் பெரும்பாலும் இரவு இத்தனை மணிக்குள் திரும்ப வேண்டும் என்று கட்டுப்பாடு இருக்கும், பிள்ளைகளோடு வருகிறவர்களுக்கு அது ஒரு பிரச்சினையே இல்லை. முக்கியமாக, இத்தகைய இடங்களில் மூன்று கட்டில், நான்கு கட்டில் போட்ட அறை கிடைக்க வாய்ப்பு அதிகம். சாதாரண ஓட்டலில் உங்களை இரண்டு அறை எடுக்க வைத்துவிடுவார்கள், செலவு இரட்டிப்பாவது அங்கேதான். மின்னஞ்சலில் நேரடியாகவே கேளுங்கள்.

இப்போது மெஸ்த்ரே. ரயிலில் பத்துப் பன்னிரண்டு நிமிடம், டிக்கெட் ஒன்றரை யூரோ அளவில், பாலத்தின் மேல் கடலைத் தாண்டி நேரே வெனிஸுக்குள் இறக்கிவிடும். சுற்றுலாப் பகுதி மாதிரி அழகாக இருக்காது, சாதாரண மனிதர்கள் வேலைக்குப் போய் வருகிற ஊர். எனக்கு அதில் குறை ஒன்றும் தெரியவில்லை. ஸ்டேஷனிலிருந்து புறப்படும் வியா பியாவே தெருப் பக்கம் வங்கதேசத்துக்காரர்கள் கடைகள் இருக்கின்றன, அரிசி, பருப்பு, மிளகாய்த்தூள் எல்லாம் கிடைக்கும். சமையலறை வைத்த வீடு எடுத்தால் நாலு பேர் இரவுச் சாப்பாட்டுக்கு ஆகும் காசு பெரிய அளவில் மிச்சம். ஆனால் ஒன்று, "வெனிஸ்" என்று பெயர் வைத்த ஓட்டல் எல்லாம் மெஸ்த்ரே ஸ்டேஷன் பக்கத்தில் இருக்காது. பஸ் பிடித்துப் போக வேண்டிய இடத்திலும் அதே பெயரில் ஓட்டல் இருக்கும். ஸ்டேஷனிலிருந்து பத்து நிமிட நடைக்குள், இல்லையென்றால் வெனிஸ் தீவின் ஓரத்தில் பஸ்ஸும் டிராமும் வந்து நிற்கும் சதுக்கமான பியாத்சாலே ரோமாவுக்குப் போகும் T1 டிராம் நிறுத்தத்துக்குப் பக்கத்தில், இந்த இரண்டைத் தவிர வேறு இடம் எடுக்காதீர்கள். நள்ளிரவு தாண்டினால் ரயிலை நம்ப முடியாது, பஸ்தான்.

வரி இரண்டு வகை, குழப்பிக்கொள்ள வேண்டாம். ஒன்று தங்கும் வரி, ஆளுக்கு ஓர் இரவுக்கு இவ்வளவு என்று அறை வாடகைக்கு மேல் வாங்குவார்கள், முதல் ஐந்து இரவுக்கு மட்டும். பத்து வயதுக்குக் கீழே கிடையாது, எனவே சின்னவனுக்கு இல்லை, பெரியவனுக்குப் பாதி. இன்னொன்று 2024 ஏப்ரல் 25-இல் ஆரம்பித்த நுழைவுக் கட்டணம். வசந்த காலத்திலும் கோடைத் தொடக்கத்திலும் குறிப்பிட்ட நாட்களில் பகலில் மட்டும் வந்து போகிறவர்களுக்கு அது. 2025-இல் முன்கூட்டியே பதிந்தால் 5 யூரோ, கடைசி நேரத்தில் 10 என்று வைத்தார்கள். வெனிஸ் நகராட்சிக்குள் இரவு தங்குகிறவர்கள் கட்ட வேண்டாம், மெஸ்த்ரேயும் அதே நகராட்சிதான், ஆனாலும் இணையத்தில் விலக்குப் பதிவு செய்து QR குறியீட்டை போனில் வைத்திருக்க வேண்டும். பதுவாவிலோ த்ரெவிசோவிலோ தங்கிவிட்டு அந்த நாட்களில் பகலில் போனால் 14 வயது ஆனவர்கள் கட்டியாக வேண்டும்.

பதுவாவைப் பற்றி நான் பேச ஆரம்பித்தால் நிறுத்த மாட்டேன். வெனிஸிலிருந்து ரயிலில் அரை மணி நேரத்துக்குள், ஏறக்குறைய ஐந்து யூரோ. 1222-இல் தொடங்கிய பல்கலைக்கழகம், ஜோத்தோ வரைந்த சுவரோவியங்கள் உள்ள ஸ்க்ரொவேஞ்ஞி சிற்றாலயம் (இதற்கு முன்பதிவு கட்டாயம்), நம்மூரில் செவ்வாய்க்கிழமை தோறும் கூட்டம் கூடுகிற பதுவைப் புனித அந்தோணியாரின் கல்லறை இருக்கும் பேராலயம், எல்லாம் இங்கேதான். மாணவர் ஊர் என்பதால் சாப்பாடு மலிவு, அறையும் வெனிஸை விடக் குறைவு.

மே மாதம் விலை ஏறும் காலம், உங்களுக்கு விடுமுறை அப்போதுதான் என்பதால் அதைத் தவிர்க்க முடியாது. தேதி உங்கள் கையில் இருப்பவர்கள் நவம்பரிலோ, ஜனவரி 6 பண்டிகை முடிந்து கார்னிவல் தொடங்குவதற்கு முன்போ போனால் அதே அறை வெகு மலிவாகக் கிடைக்கும். மே மாதத்திலும் வெள்ளி, சனி இரவுகளைத் தவிர்த்தாலே நல்ல வித்தியாசம் தெரியும்.

வீடு எடுப்பதானால் இதையும் பாருங்கள். 2025 தொடக்கத்திலிருந்து இத்தாலியில் குறுகிய கால வாடகை வீடுகளின் விளம்பரத்தில் CIN என்ற தேசிய அடையாள எண் இருக்க வேண்டும். அது இல்லாத வீட்டைத் தொடாதீர்கள். பாஸ்போர்ட் விவரம் கேட்டால் பயப்பட வேண்டாம், தங்குகிறவர்கள் விவரத்தைப் போலீசுக்கு அனுப்புவது அவர்கள் கடமை. ஆனால் பதிவு செய்யும் இணையதளத்துக்கு வெளியே பணம் அனுப்பச் சொன்னால் உடனே விலகிவிடுங்கள். எனக்கு இதில் இன்னொரு அக்கறையும் உண்டு. 1951-இல் ஒன்றே முக்கால் லட்சம் பேர் வாழ்ந்த அந்தப் பழைய நகரத்தில் 2022-இல் ஜனத்தொகை 50,000-க்குக் கீழே போய்விட்டது, வீடுகள் சுற்றுலா வாடகைக்குப் போனது அதற்கு ஒரு பெரிய காரணம். அதனால் விலை ஒன்றாக இருந்தால் நான் விருந்தினர் இல்லத்தையோ சின்ன ஓட்டலையோதான் சொல்வேன்.

உங்களுக்கு என் யோசனை இதுதான். நான்கு இரவையும் ஓரிடத்தில் வைக்காதீர்கள். ஞாயிறும் திங்களும் கன்னரேஜோவில், ஸ்டேஷன் பக்கம், நான்கு கட்டில் அறை. பகல்நேரக் கூட்டம் எல்லாம் ரயிலேறிப் போன பிறகு, இரவு ஒன்பது மணிக்கு மேலும் விடியற்காலையிலும் வெனிஸ் எப்படி இருக்கும் என்று பிள்ளைகள் பார்க்க வேண்டும், மெஸ்த்ரேயில் தங்கினால் அது கிடைக்காது. செவ்வாயும் புதனும் பதுவா. பணம் ரொம்பவே நெருக்கடி என்றால் முதல் இரண்டு இரவை மெஸ்த்ரேக்கு மாற்றிக்கொள்ளுங்கள், தப்பே இல்லை. விசாவுக்குத் தங்குமிடப் பதிவு காட்ட வேண்டும் என்பதால், இலவசமாக ரத்து செய்யக்கூடிய அறைகளை இப்போதே நான்கு பேர் பெயரும் வருகிற மாதிரி பதிந்து வையுங்கள். விசா கையில் வந்ததும் இன்னொரு முறை தேடிப் பாருங்கள், அதை விட மலிவாக ஏதாவது கிடைத்தால், ரத்து செய்வதற்கான கடைசித் தேதி தாண்டுவதற்குள் மாற்றிக்கொள்ளலாம்.