தீன் பாடமும் பள்ளிப் பாடமும்: வாசகர் கேள்வி-பதில்

கேள்வி: மகன் நான்காம் வகுப்பு. இஸ்லாமியப் பள்ளி ஒன்றில் 'சி.பி.எஸ்.இ. பாடத்திட்டம், கூடவே மூன்று வருடத்தில் ஹிஃப்ழ் (குர்ஆன் மனனம்)' என்கிறார்கள். சேர்க்கலாமா?
- வாசகி, டேனரி ரோடு, பெங்களூரு

பதில்: முதலில் சி.பி.எஸ்.இ. இணைப்பு எண்ணைக் கேட்டு வாங்கி, வாரியத்தின் தளத்தில் நீங்களே சரிபாருங்கள். எந்த வகுப்பு வரை இணைப்பு என்பதும் அங்கேயே தெரியும். பத்தாம் வகுப்புத் தேர்வுக்கான பதிவு ஒன்பதிலேயே நடந்துவிடும். இணைப்பில்லாத பள்ளியின் பிள்ளைகள் அந்த நேரத்தில்தான் வேறு பள்ளி தேடி அலைகிறார்கள். தேசியத் திறந்தநிலைப் பள்ளி (என்.ஐ.ஓ.எஸ்.) வழியாக எழுதவைப்போம் என்றால் அதுவும் செல்லுபடியாகும் சான்றிதழ்தான். 14 வயது நிறைந்திருக்க வேண்டும், ஐந்து பாடம், அரபியும் எடுக்கலாம். ஆனால் அதைச் சேர்க்கும்போதே சொல்லியிருக்க வேண்டும்.

ஹிஃப்ழ் கணக்கை நீங்களே போட்டுப் பாருங்கள். மதீனா அச்சு முஸ்ஹஃப் (குர்ஆன் பிரதி) 604 பக்கம். முழுப் பள்ளிப் பாடத்தோடு தினம் அரைப் பக்கம் என்பதே நல்ல வேகம். வருடம் 200 வேலை நாளுக்கு 100 பக்கம். ஆக, ஆறு வருடம். மூன்று வருடம் என்றால் கணக்கும் அறிவியலும் எந்தப் பீரியடில் நடக்கின்றன என்று கால அட்டவணையைக் காட்டச் சொல்லுங்கள். புது சபக்கைவிட (அன்றைய புதுப் பாடத்தைவிட) பழைய பாடத்தைத் திருப்பி ஓதுவதுதான் பாரம். பரீட்சை மாதத்தில் அதை நிறுத்தினால் முதல் ஜுஸ்உகளே (குர்ஆன் பாகங்களே) நழுவும்.

கேள்வி: நாங்கள் காயல்பட்டினத்துக்காரர்கள், ஷாஃபி மத்ஹப் (மார்க்கச் சட்ட வழிமுறை). மகள் ஓதும் மக்தபில் (குர்ஆன் பாடசாலையில்) ஹனஃபி முறை, விளக்கமெல்லாம் உர்தூ. சுப்ஹில் (அதிகாலைத் தொழுகையில்) குனூத் துஆ ஓதுவதில்லை என்று என் உம்மாவுக்கு வருத்தம்.
- வாசகர், சிவாஜிநகர், பெங்களூரு

பதில்: உஸ்தாதைக் குறை சொல்ல ஒன்றுமில்லை, அவர் தம் மத்ஹபைச் சொல்லித் தருகிறார். வித்தியாசங்களை மகளுக்கு வெளிப்படையாகச் சொல்லிவிடுங்கள். நமக்குக் குனூத் சுப்ஹின் இரண்டாவது ரக்அத்தில் (தொழுகைச் சுற்றில்), ருகூவிலிருந்து (குனிதலிலிருந்து) எழுந்த பிறகு; அவர்களுக்கு இரவு வித்ர் தொழுகையில், ருகூவுக்கு முன். ருகூவுக்குப் போகும்போதும் எழும்போதும் நாம் கை உயர்த்துவோம், அவர்கள் முதல் தக்பீரில் மட்டும். அஸர் (மாலைத் தொழுகை) நேரம் நமக்குப் பொருளின் நிழல் அதன் உயரத்துக்கு ஒரு மடங்கானதும் (நண்பகல் நிழல் போக), அவர்களுக்கு இரண்டு மடங்கில். அங்கே பாங்கு தாமதமாகக் கேட்பது அதனால்தான். இரண்டும் சரியான வழிகள் என்று தெரிந்த பிள்ளை குழம்பாது. 'அது தப்பு' என்று வீட்டில் கேட்ட பிள்ளைதான் இரண்டு இடத்திலும் கூசும்.

எங்களுக்குப் பெரிய கவலை மொழிதான். மசாயிலை (மார்க்கச் சட்டங்களை) மகள் உர்தூவில் மனப்பாடமாக ஒப்பிப்பாள், பொருள் கேட்டால் விழிப்பாள். ஓதல் மக்தபில் இருக்கட்டும். தினம் இருபது நிமிடம் தமிழ் தீனியாத் (மார்க்கப் பாட) புத்தகத்தை உங்கள் உம்மாவிடமே படிக்கட்டும்.

கேள்வி: முஸ்லிம் சிறுபான்மைப் பள்ளியில் ஆர்.டி.இ. (கல்வி உரிமைச் சட்டம்) 25 சதவீத இடம் கிடைக்குமா?

பதில்: கிடைக்காது. சிறுபான்மைப் பள்ளிகளுக்கு அந்தச் சட்டம் பொருந்தாது என்பது 2014 உச்ச நீதிமன்றத் தீர்ப்பு. கட்டணச் சலுகையை நிர்வாகத்திடம்தான் கேட்க வேண்டும்.

கேள்வி: மகன் படிக்கும் தனியார் பள்ளியில் வேற்று மத வழிபாட்டில் கட்டாயம் நிற்க வேண்டுமா?

பதில்: வேண்டாம். அரசு அங்கீகாரமோ உதவியோ பெற்ற பள்ளியில் பெற்றோர் சம்மதமின்றி மைனர் பிள்ளையை வழிபாட்டிலோ மதபோதனையிலோ கலந்துகொள்ளச் சொல்ல முடியாது. அரசியல் சட்டப் பிரிவு 28(3). முஸ்லிம் பள்ளியில் படிக்கும் பிற மதப் பிள்ளைகளுக்கும் இதே உரிமை உண்டு. சம்மதமில்லை என்று தலைமையாசிரியருக்கு எழுதிக் கொடுத்து, நகலில் பள்ளி முத்திரை வாங்கி வையுங்கள்.