கப்பலில் முகம் வெளுத்தவர்

அன்புள்ள சார்,

எனக்கு வயது 34. எதையும் தேவைக்கு மேல் யோசிப்பவன். மேலதிகாரிக்கு ஒரு மெசேஜ் அனுப்புவேன். பார்த்துவிட்டார் என்று நீல டிக் விழும். ‘டைப்பிங்’ என்று ஒரு நொடி தெரிந்து மறையும், பதில் வராது. இரவு 2 மணி வரை அந்த ஒரு நொடியிலேயே கிடப்பேன். ஆறு மாதமாக, பழைய கிரேக்க, ரோமானியச் சிந்தனையான ஸ்டோயிக் தத்துவம் படிக்கிறேன். நம் கையில் இருப்பதையும் இல்லாததையும் பிரித்துப் பார்க்கச் சொல்கிறார் அதன் ஆசிரியர்களில் ஒருவரான எபிக்டெடஸ். பிரித்துப் பார்க்கிறேன், ஆனால் எண்ணம் நிற்கவில்லை. இப்போது ‘இவ்வளவு படித்தும் மனதை அடக்க முடியவில்லையே’ என்கிற கவலையும் சேர்ந்துகொண்டது. என்னைப் போன்றவர்களுக்கு இது உதவுமா?

எம்.

*

அன்புள்ள எம்.,

உதவும். ஆனால் நீங்கள் அதனிடம் கேட்பதை அது யாருக்கும் தருவதாகச் சொன்னதில்லை. எண்ணமே எழாத மனம் ஸ்டோயிக்குகளுக்கும் இருந்ததில்லை.

கி.பி. 2-ஆம் நூற்றாண்டில் ஆலஸ் கெல்லியஸ் என்ற ரோமானிய எழுத்தாளர் கிரேக்கத்திலிருந்து இத்தாலிக்குக் கப்பலில் போகிறார். இரவெல்லாம் புயல், கப்பலுக்குள் தண்ணீர். அதே கப்பலில் பெயர்பெற்ற ஸ்டோயிக் ஆசிரியர் ஒருவர் இருக்கிறார். இவர் எப்படித் தாங்குகிறார் என்று கெல்லியஸ் திரும்பிப் பார்க்கிறார். அழவில்லை, புலம்பவில்லை. ஆனால் முகம் மற்றவர்களைப் போலவே வெளுத்திருக்கிறது. கடல் அடங்கியதும் காரணம் கேட்கிறார். அந்த ஆசிரியர் பையிலிருந்து எபிக்டெடஸின் உரைகளில் ஐந்தாவது நூலை எடுத்துக் கொடுக்கிறார். அந்த நூல் இன்று நம்மிடம் இல்லை. அதில் இருந்ததை கெல்லியஸ் சுருக்கி எழுதி வைத்ததால் நமக்குத் தெரிகிறது.

அதன் சாரம் இது. திடீரென்று ஒரு சத்தம், ஒரு கெட்ட செய்தி. ஞானியின் மனமும் ஒரு கணம் சுருங்கும், முகமும் வெளுக்கும். அது அறிவு முந்திக்கொள்வதற்குள் நடந்துவிடுகிற அசைவு, அதன்மேல் யாருக்கும் அதிகாரம் கிடையாது. வித்தியாசம் அடுத்த அடியில்தான். ‘ஆமாம், இது பயங்கரம்தான்’ என்று மனதில் எழும் அந்தத் தோற்றத்துக்கு அறியாதவன் ஒப்புதல் தருகிறான். ஞானி தருவதில்லை.

எம்., நீங்கள் ஆறு மாதமாக முகம் வெளுக்காமல் இருக்கப் பாடுபட்டிருக்கிறீர்கள். அந்தச் சண்டையில் யாரும் ஜெயித்ததில்லை. மேசைக்கு வருகிற காகிதம் வரட்டும். நாம் பார்க்க வேண்டியது கையெழுத்தை, அதாவது ஒப்புதலை மட்டும்.

கையெழுத்துப் போடாமல் இருப்பது எப்படி? எனக்கு உதவியது ரோமப் பேரரசரும் ஸ்டோயிக்குமான மார்க்கஸ் அரேலியஸின் குறிப்பேட்டில் எட்டாம் பகுதியில் வரும் ஒரு பத்தி. முதல் தோற்றம் சொல்வதற்கு மேல் நீயாக எதையும் சேர்க்காதே என்று தனக்கே எழுதிக்கொள்கிறார். ஒருவன் உன்னைப் பற்றித் தவறாகப் பேசினான் என்று செய்தி வந்தது, உனக்குக் கேடு வந்தது என்று செய்தி வரவில்லை. குழந்தைக்கு உடம்பு சரியில்லை என்பதைப் பார்க்கிறேன், உயிருக்கு ஆபத்து என்பதை நான் பார்க்கவில்லை. இதை எழுதியவர் பத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகளைப் பெற்று, அவர்களில் பெரும்பாலோரைச் சாகக் கொடுத்த தகப்பன். அதனால்தான் அந்த வரியை என்னால் சாதாரணமாகக் கடக்க முடியவில்லை.

சில வருடங்களுக்கு முன் ஒரு ஸ்கேன் எடுத்திருந்தேன். மாலையில் மருத்துவமனையிலிருந்து போன். ‘நாளை காலை வர முடியுமா? டாக்டர் பேச வேண்டும் என்கிறார்.’ அன்றிரவு கையில் கிடைத்த கவரின் பின்பக்கத்தில் நடந்ததை எழுதினேன். ‘போன் வந்தது. நாளை வரச் சொன்னார்கள்.’ இரண்டே வாக்கியம். கீழே ஒரு கோடு போட்டு, மனம் சேர்த்ததை எழுதினேன். அந்தப் பெண் தயங்கித் தயங்கிப் பேசினாள். நல்ல செய்தி என்றால் போனிலேயே சொல்லியிருப்பார்கள். வீட்டில் எப்படிச் சொல்வது? கவர் நிறைந்துவிட்டது. மறுநாள் கேட்ட செய்தி நல்லதாக இல்லை, சிகிச்சை எடுக்க வேண்டி வந்தது. ஆனாலும் அந்தக் கோட்டைப் பார்த்தபடி மூன்று மணி நேரம் தூங்கினேன். அது எனக்குப் பெரிய விஷயம்.

உங்கள் கணக்கில் கோட்டுக்கு மேலே ‘மெசேஜைப் பார்த்தார், இன்னும் பதில் வரவில்லை’ என்பது மட்டும்தான் இருக்கும். மீதி எல்லாம் கீழே. தலைக்குள்ளேயே செய்யாதீர்கள், பேப்பரில் எழுதுங்கள். தலைக்குள் கோடு நிற்காது.

சரி, கீழே எழுதியது உண்மையாகவே நடந்துவிட்டால்? ரோமானிய ஸ்டோயிக் செனெகாவிடம் இதே கேள்வியோடு ஒருவர் வந்திருக்கிறார். செனெகா தன் நண்பர் லூசிலியஸுக்கு எழுதியவற்றில் 124 கடிதங்கள் கிடைத்திருக்கின்றன. 24-ஆவது கடிதத்தில் லூசிலியஸ் ஒரு வழக்கின் முடிவை நினைத்துக் கலங்குகிறார். ‘ஒன்றும் ஆகாது’ என்று செனெகா தேற்றவில்லை. நீ பயப்படுவது நடந்தே தீரும் என்று வைத்துக்கொள், பிறகு அதன் அளவை எடு என்கிறார். நாம் அதிகம் யோசிக்கிறோம் என்று நினைக்கிறோம். உண்மையில் பாதியிலேயே நின்றுவிடுகிறோம். ‘கோபமாக இருப்பாரோ’ என்ற இடத்துக்கே நூறு முறை போகிறோம், அதைத் தாண்டி ஒரு அடி வைப்பதில்லை. கோபம்தான் என்றே வைத்துக்கொள்ளுங்கள். காலையில் என்ன பேசுவீர்கள்? அதை ஒரு வரியில் எழுதிவிட்டு விளக்கை அணையுங்கள்.

கடைசியாக, உங்களை நீங்களே திட்டிக்கொள்வது பற்றி. அறையிலிருந்து விளக்கு அகற்றப்பட்டு, மனைவியும் பேச்சை நிறுத்திய பிறகு, அன்றைய நாளை முழுவதுமாக விசாரிப்பது தன் வழக்கம் என்று செனெகா எழுதியிருக்கிறார். ஆனால் அவர் நீதிமன்றத்தில் வாய்தா கிடையாது. ‘இனி இப்படிச் செய்யாதே, இப்போதைக்கு உன்னை மன்னிக்கிறேன்’ என்று அன்றைக்கே தீர்ப்புச் சொல்லிவிட்டு, நிம்மதியாகத் தூங்குகிறார். நீங்கள் அந்த இரண்டாவது பாதியை மட்டும் விட்டுவிட்டீர்கள்.

இரண்டு வாரம் செய்து பார்த்துவிட்டு எழுதுங்கள். அதற்குப் பிறகும் 2 மணி வரை விழித்தே கிடந்தால் தயங்காமல் ஒரு மனநல மருத்துவரைப் பாருங்கள். 1950-களில் அமெரிக்க உளவியலாளர் ஆல்பர்ட் எல்லிஸ் தன் உளவியல் சிகிச்சை முறையை உருவாக்கியபோது எபிக்டெடஸிடமிருந்தும் எடுத்துக்கொண்டார். அதனால் அந்த அறையிலும் உங்களுக்குத் தெரிந்த குரல் ஒன்று கேட்கும்.

அன்புடன்.