பானை ஓடுகளை ஆராய வேண்டுமா? வரலாற்றுத் துறையில் சேர்க்காதீர்கள்

பழைய பானையோடுகளை வைத்துப் பூமியின் பழங்காலக் காந்தப்புலத்தை அளக்கிற ஆய்வுக்குப் போக வேண்டும் என்கிறாள் மகள், வரலாறா தொல்லியலா, எதில் சேர்ப்பது என்று கேட்டிருக்கிறீர்கள். இரண்டும் வேண்டாம். பி.எஸ்சி. இயற்பியல் போதும். ஜியாலஜி துணைப்பாடமாகக் கிடைத்தால் இன்னும் நல்லது. (தமிழில் ‘புவியியல்’ என்று போட்டிருந்தால் அது பெரும்பாலும் ஜியாகிராஃபி, விண்ணப்பத்தில் பார்த்து நிரப்புங்கள்.)

வேலை என்ன என்பதை அவளும் தெரிந்துகொள்ளட்டும். களிமண்ணில் உள்ள மேக்னடைட் என்ற இரும்புக் கனிமத் துகள்கள் சூளையில் 580 டிகிரி செல்சியஸ் தாண்டியதும் காந்தத்தை இழக்கும். ஆறும்போது அன்றைய புவிக்காந்தப்புலத்தைப் பதிந்துகொள்ளும். ஆய்வகத்தில் ஓட்டுத்துண்டை 100 டிகிரியில் தொடங்கிப் படிப்படியாகச் சுட வேண்டும். ஒவ்வொரு படியிலும் இரண்டு தடவை: புலமே இல்லாமல் ஒன்று, அளவு தெரிந்த புலத்தில் ஒன்று. பழைய காந்தம் எவ்வளவு போனது, புதியது எவ்வளவு ஏறியது என்ற விகிதத்தை ஆய்வகப் புலத்தால் பெருக்கினால் பழைய புலத்தின் வலிமை கிடைக்கும். பிரான்சின் தெல்லியே தம்பதி 1959இல் வெளியிட்ட முறையிலிருந்து வளர்ந்தது இது.

தவறுவதற்கு இடம் நிறைய. சுடும்போதே கனிமம் மாறிவிடும். அதனால் இடையிடையே முந்தைய வெப்பநிலைக்குத் திரும்பிச் சோதிப்பார்கள், பொருந்தாத துண்டைத் தள்ளிவிடுவார்கள். சக்கரத்தில் வனைந்த பானையில் துகள்கள் சுவரோடு படுத்திருக்கும், அதற்குத் திருத்தம் வேண்டும். சூளை மெதுவாக ஆறும், ஆய்வக உலை சீக்கிரம் ஆறும். இதைக் கவனிக்காவிட்டால் பழைய புலம் இருந்ததைவிட வலுவாகத் தெரியும். கிடந்த இடம் மாறிய ஓட்டில் புலத்தின் திசையும் கிடைக்காது. அதற்கு அசையாத சூளைத்தரை வேண்டும். ஓட்டின் காலமும் துல்லியமாகத் தெரிய வேண்டும்: காலத்தைக் காட்டும் அரச முத்திரை குத்திய, பழைய யூதேயா (இன்றைய இஸ்ரேல் பகுதி) நாட்டு ஜாடிக் கைப்பிடிகள் 2017 ஆய்வில் அவ்வளவு பயன்பட்டது அதனால்தான். வாரக்கணக்கில் சுட்டும் பாதித் துண்டு தேறாமல் போகலாம். அதைத் தாங்குவாளா என்று பாருங்கள்.

பி.எஸ்சி. முடித்து, ஐஐடி முதுகலைக்கான ‘ஜாம்’ நுழைவுத் தேர்வு எழுதி ஐஐடி தன்பாத், பம்பாய் போன்ற இடங்களில் புவி இயற்பியல் முதுகலை. பிறகு ஆய்வு உதவித்தொகைக்கான சிஎஸ்ஐஆர் நெட் தேர்வு. அதில் ஜேஆர்எஃப் (இளநிலை ஆய்வு உதவித்தொகை) கிடைத்தால் மாதம் 37,000 ரூபாய். நவி மும்பையிலுள்ள இந்தியப் புவிக்காந்தவியல் நிறுவனத்தைக் குறி வைக்கலாம்.

இத்துறைக்கென்றே வரும் பணியிடங்கள் மிகக் குறைவு, மறைக்க ஒன்றுமில்லை. ஆனால் யுபிஎஸ்சி நடத்தும் புவி விஞ்ஞானி தேர்வில் ஜியோபிசிசிஸ்ட் (புவி இயற்பியலாளர்) பதவிக்கு எம்.எஸ்சி. இயற்பியல் படித்தவரும் விண்ணப்பிக்கலாம். வயது உச்சவரம்பு, பொதுப்பிரிவுக்கு 32. முனைவர் பட்டத்தில் இறங்குவதற்கு முன்பே அந்தத் தேர்வை ஒருமுறை எழுதச் சொல்லுங்கள்.