கை ஊன்றாமல் எழுந்திருக்க: முதியோர் உடற்பயிற்சி பற்றிய கேள்வி பதில்

பாளையங்கோட்டையில் முதியோருக்கு இயன்முறை மருத்துவம் பார்த்து வருகிறேன். அறுபதை நெருங்கியவர்களும் கடந்தவர்களும் அவர்களுடைய பிள்ளைகளும் அனுப்பிய கேள்விகளில், பலருக்கும் பொதுவானவற்றுக்கு இங்கே பதில் எழுதுகிறேன்.

கேள்வி (ஓய்வுபெற்ற ஆசிரியர், 68, பாளையங்கோட்டை): ஐயா, நாள்தோறும் காலையில் வ.உ.சி. மைதானத்தில் முக்கால் மணி நேரம் நடக்கிறேன். ஆனாலும் தரையில் உட்கார்ந்தால் கை ஊன்றாமல் எழுந்திருக்க முடியவில்லை. நடை போதாதா?

பதில்: நடையை விட்டுவிடாதீர்கள், இதயத்துக்கும் நுரையீரலுக்கும் அது மிக நல்லது. ஆனால் சமதரையில் நடக்கும்போது உடலின் பாரத்தைக் கீழிருந்து மேலே தூக்கும் வேலை தொடைக்கு வருவதில்லை. அந்த வேலை கொடுக்காத தசைக்கு அந்த வலிமை வராது. முப்பதுகளுக்குப் பிறகு மெல்லக் குறையத் தொடங்கும் தசை, அறுபதுக்கு மேல் இன்னும் வேகமாகக் குறைகிறது. அதனால்தான் உலக சுகாதார நிறுவனம் 2020-இல் வெளியிட்ட வழிகாட்டுதலில், 65 வயதைக் கடந்தவர்கள் வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உழைப்போடு, இரண்டு நாளாவது தசை வலுவுக்கும், மூன்று நாளாவது உடல் சமநிலைக்கும் பயிற்சி செய்ய வேண்டும் என்று சொல்லியிருக்கிறது. தாங்கள் முதற்பகுதியை மட்டும் செய்து வருகிறீர்கள்.

கைப்பிடி இல்லாத நாற்காலியில் அமர்ந்து, கைகளை மார்பின் குறுக்கே கட்டிக்கொண்டு, 30 விநாடியில் எத்தனை முறை முழுதாக எழுந்து உட்கார முடிகிறது என்று எண்ணிப் பாருங்கள். தங்கள் வயதில் ஆண்களுக்கு 12-க்கும், பெண்களுக்கு 11-க்கும் குறைந்தால் தொடை வலு சராசரிக்குக் கீழே இருக்கிறது என்று பொருள். அதற்கான மருந்தும் அதே நாற்காலிதான். எழும்போது இயல்பாகவும், உட்காரும்போது மூன்று எண்ணும் அளவுக்கு மெதுவாகவும் பத்து முறை செய்து, சற்று ஓய்ந்து, இன்னொரு பத்து செய்யுங்கள். ஒரு நாள் விட்டு ஒரு நாள் போதும். பிளாஸ்டிக் நாற்காலி டைல்ஸ் தரையில் நழுவும் என்பதால் சுவரோடு ஒட்டிப் போட்டுக்கொள்ளுங்கள். பத்தும் எளிதானதும், இரண்டு கிலோ அரிசிப் பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு தொடருங்கள்.

கேள்வி (மகள், கல்லிடைக்குறிச்சி): அம்மாவுக்கு 79 வயது. போன வருடம் முற்றத்தில் வழுக்கி விழுந்தார். எலும்பு முறியவில்லை என்றாலும், அன்றிலிருந்து பயத்தில் கட்டிலை விட்டு அதிகம் இறங்குவதில்லை. இந்த வயதுக்கு மேல் வலு திரும்புமா, ஐயா?

பதில்: திரும்பும். 1990-இல் அமெரிக்காவின் பாஸ்டனில், முதியோர் இல்லத்தில் இருந்த 90 வயதையொட்டியவர்களுக்கு எட்டு வாரம் எடைப் பயிற்சி கொடுத்துப் பார்த்தார்கள். முழுமையாகச் செய்து முடித்த ஒன்பது பேரின் தொடை வலு சராசரியாக 174 சதவீதம் கூடியது. நானே பார்த்த ஓர் ஆச்சியின் வீட்டில், அவர் நாற்காலிக்குப் பக்கத்துச் சுண்ணாம்புச் சுவரில், எழும்போதெல்லாம் கை ஊன்றிய இடம் எண்ணெய்ப் பிசுக்கேறி உள்ளங்கை அகலத்துக்குக் கறுத்திருந்தது. முதல் வாரம் இரண்டு தலையணையைப் போட்டு இருக்கையை உயர்த்தி எழ வைத்தோம், பிறகு ஒன்று, மூன்றாம் மாதம் தலையணையே இல்லாமல் எழுந்தார். அதன் பின் வெள்ளையடித்த சுவரில் அந்தக் கறை திரும்ப வரவில்லை.

தங்கள் அம்மாவின் பயம் நியாயமானது. ஆனால் பயத்தில் படுத்தே கிடந்தால் கால் இன்னும் சோர்ந்து, அடுத்த முறை விழும் வாய்ப்பு கூடிவிடும். விழுந்தாலும் எழுந்துகொள்ள முடியும் என்று தெரிந்தால் பயம் பாதியாகும். ஆகவே பாய் விரித்து, பக்கத்தில் ஆள் நின்று, இதைப் பழக்குங்கள்: மல்லாந்த நிலையிலிருந்து ஒருக்களித்து, முழங்கையை ஊன்றி, குழந்தை தவழ்வதுபோல் நான்கு காலில் வந்து, அசையாத முக்காலியைப் பிடித்து, வலுவான காலை முன்னால் ஊன்றி எழ வேண்டும். ஜன்னல் கம்பியைப் பிடித்துக் குதிகாலை உயர்த்தி இறக்குவதும், ஒரு பாதத்தின் முன் மற்றொன்றை வைத்துப் பத்து விநாடி நிற்பதும் சமநிலைக்கு உதவும். எழுந்தவுடன் தலை சுற்றுகிறது என்றால், இரத்த அழுத்த மாத்திரையின் அளவை மருத்துவரிடம் கேட்ட பிறகே தொடங்குங்கள்.

கேள்வி (விவசாயி, 63, அம்பாசமுத்திரம்): வயலில் நாள் முழுக்க வேலை செய்கிறேன். எனக்கும் தனியாகப் பயிற்சி வேண்டுமா?

பதில்: நடவும் அறுப்பும் நடக்கும் மாதங்களில் தனியாக எதுவும் வேண்டாம். வயலில் வேலை இல்லாத மாதங்களில் மட்டும் நாற்காலிப் பயிற்சியை விடாமல் செய்யுங்கள்.

கேள்வி (பீடி சுற்றும் தொழிலாளி, 58, முக்கூடல்): மடியில் சுளவை (முறத்தை) வைத்துக்கொண்டு காலை முதல் உட்கார்ந்தே இருப்பதால், எழும்போது முட்டியும் இடுப்பும் பிடித்துக்கொள்கின்றன. வலியோடு பயிற்சி செய்யலாமா, ஐயா?

பதில்: செய்யலாம், அம்மா. முட்டித் தேய்மானத்தில் தொடை வலுப்பட வலுப்பட வலி குறையும். பயிற்சியின்போது லேசாக வலித்தால் அஞ்ச வேண்டாம். மறுநாளும் வலி கூடுதலாக இருந்தால் எண்ணிக்கையைப் பாதியாக்குங்கள். முட்டி திடீரென வீங்கிச் சூடாக இருந்தால் முதலில் மருத்துவரிடம் காட்டுங்கள். இதைவிட முக்கியம், அரைமணிக்கொரு முறை சுளவை இறக்கி வைத்துவிட்டு எழுந்து வாசல்வரை போய் வருவது. சுற்றும் எண்ணிக்கைக்குத்தான் கூலி என்பதால் இரண்டு நிமிடமும் தங்களுக்கு இழப்பாகத் தோன்றும் என்பது எனக்குத் தெரியும். ஆனாலும் இதை மட்டும் கட்டாயம் செய்யுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.

கேள்வி (66, திருநெல்வேலி டவுன்): சர்க்கரைக்கு மாத்திரையும் இன்சுலினும் எடுக்கிறேன். காலையில் வெறும் வயிற்றோடு நெல்லையப்பர் கோயில் பிரகாரத்தைச் சுற்றுவது வழக்கம். சரிதானா?

பதில்: இன்சுலின் போடுகிறவர்கள் வெறும் வயிற்றோடு நடக்க வேண்டாம், சாப்பிட்ட பின் நடந்தால் உணவுக்குப் பிறகு ஏறும் சர்க்கரையும் கட்டுப்படும். கை நடுங்கி, வியர்த்து, கண் இருண்டால் உடனே தண்ணீரில் மூன்று தேக்கரண்டி சர்க்கரையைக் கரைத்துக் குடிக்க வேண்டும். பையில் இருக்கிறது என்று அல்வாவை நம்பாதீர்கள். அதிலுள்ள நெய், சர்க்கரை இரத்தத்தில் சேர்வதைத் தாமதமாக்கும். பாதத்தில் மரமரப்பு உள்ளவர்கள் வெறுங்காலோடு நடந்தபின் பாதத்தைத் திருப்பி, விரலிடுக்கு வரை பார்க்க வேண்டும். நடக்கையில் நெஞ்சு அழுத்தினால் அந்த இடத்திலேயே உட்கார்ந்து 108-ஐ அழைக்கச் சொல்லுங்கள். வீட்டுக்குப் போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று நடக்காதீர்கள்.